வத்தல்மலைக்கு நடந்து போவோமா?

மார்கழி, தை மாதங்களில் மலை நடைக்கு ஈடு எதுவும் இல்லை. வெயில் சுடாது. ஏறும்போது வியர்வை கொட்டாது. அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டால் செலவும் குறைவு.

அப்படிப் போக நல்ல இடம் வத்தல்மலை. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். உயரம் மூவாயிரம் அடிக்கு மேல். சேர்வராயன் மலையின் பெயர் தெரிந்த அளவுக்கு இதன் பெயர் வெளியே தெரியாது. அதுவும் நல்லதற்குத்தான், கூட்டம் இல்லை!

தொங்கும் தூண்

மலை ஏறுமுன் ஒரு நாள் தருமபுரியில் தங்குங்கள். இதுதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைக் கேட்காத குழந்தை உண்டா? பெரிய மலையின் பிளவிலே, ஏற முடியாத உயரத்தில் பறித்த கனி அது என்கிறது புறநானூறு. எந்த மலை என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. இந்தப் பக்கத்து மலை ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, "இதுவாக இருக்குமோ?" என்று நமக்குத் தோன்றும்!

அதியமான் வெறும் கதை அல்ல. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில், ஜம்பை என்ற ஊரின் பாறையில், அவன் பெயர் பொறித்த கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

கோட்டைக் கோயிலுக்குப் போனால் மல்லிகார்ச்சுனர் சந்நிதியில் தொங்கும் தூணைக் காட்டுவார்கள். தூணின் அடி தரையில் படியாமல் நிற்கிறது. இடையில் துணியை விட்டு இழுக்கலாம். காமாட்சி அம்மன் சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக இருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவசரக்காரர் கண்ணில் படாது.

அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். ஊர் மாடுகளைப் பகைவர் ஓட்டிச் சென்றபோது, மீட்கப் போய் உயிர்விட்ட வீரர்களுக்கு நட்ட கற்களும் அவற்றில் உண்டு. அரசர்களுக்கு மட்டும் அல்ல, சாதாரண ஆட்களுக்கும் கல் நட்ட சீமை இது.

டோலியில் போன காலம்

இனி மலை. பாதையில் இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பாருங்கள். கீழே வயல்கள் பாய் விரித்தாற்போல் தெரியும்.

மேலே பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சிற்றூர்கள். இங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தார் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்கள் கதை. அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்களாம். யார் எந்த மலைக்குப் போனார் என்பதில் மட்டும் மலைக்கு மலை கதை மாறுகிறது!

நாம் பொழுதுபோக்காக நடக்கும் இந்த ஏற்றம், அவர்களுக்கு நெடுங்காலம் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. தார்ச் சாலை வருவதற்கு முன் உப்பு வேண்டுமானாலும் நடைதான், பள்ளிக்கூடம் போகவும் நடைதான். பிரசவ வலி கண்ட பெண்ணையும், பாம்பு தீண்டியவரையும் டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். வழியிலே மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்த மலைக்கு வந்து மக்களைச் சந்தித்தார். அதற்குப் பிறகே அரசுப் பேருந்து மலை ஏறியது. சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு!

காப்பியும் மிளகும்

சாமை, கேழ்வரகு இவர்களுடைய பழைய பயிர்கள். இப்போது காப்பியும் மிளகும் உண்டு. வெள்ளி ஓக் மரம் நிழல் தர, அதன் மேலே மிளகுக் கொடி ஏற, கீழே காப்பிச் செடி நிற்கும். ஒரே நிலத்தில் மூன்று வருமானம். மார்கழியில் காப்பிப் பழம் சிவந்திருக்கும். ஆசைப்பட்டுப் பறித்துவிடாதீர்கள், அது அவர்கள் ஆண்டு முழுதும் பட்ட பாடு.

போர்வையும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். பனி மூடினால் பாதையைவிட்டு விலகாதீர்கள். திரும்பும்போது ஒரு படி மிளகு விலை கேட்டு வாங்குங்கள். விளைத்தவரிடமே வாங்கினால் தரகருக்குப் பங்கு கிடையாது.