தோட்டத்தில் ஒரு நற்செய்தி இசைவிழா: செலவும் பலனும்



மஸ்கெலியாவில் நாங்கள் நடத்திய முதல் நற்செய்தி இசைவிழாவை ஜூன் மாதத்தில் வைத்தோம். கொழும்பிலிருந்து இசைக்குழு வந்தது. வாடகைக்கு ஒலிபெருக்கி வந்தது. தென்மேற்குப் பருவமழையும் வந்தது. தூரத்து டிவிசன்களில் இருந்தவர்களால் வர முடியவில்லை. வந்தவர்களுக்கும் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை. கடனை அடைக்க 7 மாதங்கள் சென்றன. "இந்தக் காசுக்கு எங்க லயத்துக்குத் தண்ணிக் குழாய் போட்டிருக்கலாமே, சாமி" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே இதை எழுதுகிறேன்.

இசையும் எளிய மக்களும்

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்விக்கூடம் கடனில் மூழ்கியபோது, அதன் மாணவர்கள் 1871இல் ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டனர். அவர்கள் பாடியவை தங்கள் முன்னோரின் துயரப் பாடல்கள். அந்த வருமானம் கல்விக்கூடத்தைக் காப்பாற்றியது. பாடியவர்களும் பயனடைந்தவர்களும் ஒரே சமூகத்தினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழுக்கும் இது புதிதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையிலும் நாட்டார் மெட்டுகளிலும் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கும்படி கேட்டது. நம் மலையகத்தில் தப்பும் காமன் கூத்தும் உண்டு. தோட்டத்துப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்துத் தந்திருக்கிறார். இருந்தும் நாம் கொழும்பிலிருந்து குழுவை அழைக்கிறோம்.

எதிர்ப்படும் தடைகள்

முதலாவது, காலம். மே முதல் செப்டம்பர் வரை மழை. டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். நல்லதண்ணி வீதியில் நெரிசல், வாகனங்களுக்குத் தட்டுப்பாடு. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையில், போயா விடுமுறையைத் தவிர்த்து ஒரு நாளைத் தெரிவது நல்லது.

இரண்டாவது, நேரம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாதென 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மற்ற நேரத்துக்கும் பொலிஸ் அனுமதி பெற வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும், விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு மலைக்குப் போகும் பெண்களுக்காக 9 மணிக்கு முடிப்பதே முறை. அவர்கள் வீடு திரும்ப லொறியும், மைதானத்தில் மறைவான கழிவறையும் இல்லையென்றால் அது ஆண்களின் விழாவாகவே முடியும்.

மூன்றாவது, பணம். நாட்கூலிக் குடும்பத்திடம் கட்டணச்சீட்டு விற்பது நியாயமல்ல. விரும்பியவர் விரும்பியதைத் தரட்டும். வரவு செலவை மறு ஞாயிறே கோவில் வாசலில் எழுதி ஒட்டுங்கள். பிறருடைய பாடலைப் பாடுவதற்கும் பதிவு செய்து விற்பதற்கும் உரியவரின் அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைக் கூறுகிறது. 2022இன் நீண்ட மின்வெட்டைக் கண்ட பின், மின்பிறப்பாக்கியையும் செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, அயலவர். ஒரே லயத்தில் சைவரும் கிறிஸ்தவரும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் வாழ்கிறார்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேர்ந்தே வெளியே தெரிகின்றன. இங்கே ஒலிபெருக்கியில் பிற சமயத்தைக் குறைத்துப் பேசும் ஒரு வார்த்தை, பல ஆண்டு உறவைக் கெடுத்துவிடும். மாரியம்மன் கோவில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, திருவிழா நாளில் மோதாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

கிடைக்கும் பலன்கள்

இரண்டாம் முறை வெளியிலிருந்து குழுவை அழைக்கவில்லை. 4 தோட்டங்களின் இளைஞர்கள் 3 மாதம் பயிற்சி பெற்றார்கள். தப்பு அடிப்பதைத் தாழ்வாக எண்ணிய பையன்கள், தாத்தாமாரிடம் போய்க் கேட்டுப் பழகினார்கள். ஒருநாளும் மேடை ஏறாத பெண்பிள்ளைகள் ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். செலவும் பாதிக்குக் குறைவு. பயிற்சி நடந்த மாலைகளில் சாராயக் கடைப் பக்கம் போகாத தகப்பன்மாரையும் கண்டேன். அது நிலைத்தது என்று சொல்லமாட்டேன்.

மீதிப் பணம் தண்ணீர்க் குழாய்க்குப் போதவில்லை. ஆனால் கூட்டம் கூட்டவும், கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும் பழகிய அதே இளைஞர்கள், குழாய் கேட்டு மனு எழுதி 112 கையெழுத்துகளைத் திரட்டினார்கள். முதல் கையெழுத்து அந்தத் தாயுடையது. மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை; அவர்கள் மறுபடியும் போகிறார்கள்.

ஆகவே அன்பர்களே, உங்கள் பங்கில் இசைவிழா நடத்த எண்ணினால், "யாரை அழைப்பது?" என்று தொடங்காதீர்கள். "நம்மில் யார் பாடுவது?" என்று கேட்டுத் தொடங்குங்கள்.