முதல் மழைக்கு மெஷினை எழுப்புவது

அந்தமானில் பனிக்காலம் கிடையாது. இங்கே புல் வெட்டும் மெஷின் ஓய்வெடுப்பது வறட்சிக் காலத்தில். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை அநேகமாக நின்றுவிடும். தென்னந்தோப்பிலும் பாக்குத் தோட்டத்திலும் புல் காய்ந்து தரையோடு கிடக்கும். தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டர் கொட்டகைச் சுவரில் தொங்கும். மே மூன்றாம் வாரம் வாக்கில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கும் முந்தி இங்கே இறங்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் மண் இது. புல் மளமளவென்று முழங்காலைத் தொட்டுவிடும். விழுந்த தேங்காய் கண்ணுக்குத் தெரியாது. பாக்குப் பொறுக்கப் போகும் கை பூரான்மேல் படும். அன்றைக்குத்தான் மெஷின் ஞாபகம் வரும். கயிற்றை இழுப்போம், இழுத்துக்கொண்டே இருப்போம். தோள் வலிக்கும், மெஷின் பேசாது.

அது ஏன் பேசவில்லை என்று பார்க்குமுன் அதன் கதை கொஞ்சம். புல்வெட்டி இயந்திரத்தை 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் உருவாக்கினார். கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. சமதளப் புல்தரைக்கு அது போதும். கல்லும் வேரும் சரிவுமான தோப்புக்குப் போதாது. 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவும் இடத்தில் சுழன்ற தூரிகைகளைக் கண்டு, நைலான் நரம்பைச் சுழற்றிப் புல்லை அறுக்கும் கருவியைச் செய்தார். இன்று நாம் தோளில் மாட்டும் மெஷினில் நைலான் நரம்பையும் பூட்டலாம், இரும்பு பிளேடையும் பூட்டலாம்.

கிளம்பாத மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய பெட்ரோலைத்தான். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் சட்டென்று ஆவியாகும் இலேசான பகுதிதான் ஆறிக் கிடக்கும் இன்ஜினில் முதலில் தீப்பிடிக்கிறது. நாலு மாதம் டேங்கில் கிடந்தால் முதலில் பறந்துபோவதும் அதுவே. மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறி, கார்புரேட்டரின் ஊசித் துளையை அடைக்கும்.

தரையில் உருட்டும் புல்வெட்டிகள் பலவற்றில் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் மிதவையோடு நிற்கும். எப்பக்கமும் சாய்த்து வெட்டும் பிரஷ் கட்டருக்கு அது சரிவராது. அதனால் அதன் கார்புரேட்டரில் மெல்லிய சவ்வு வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறையில் கூடிக் குறையும் அழுத்தம் அந்தச் சவ்வைத் துடிக்கவைக்கும். அந்தத் துடிப்புதான் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துவருகிறது. என்ன அழகான ஏற்பாடு! ஆனால் சவ்வு காய்ந்து விறைத்துவிட்டால் எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலை 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் விரிவாக்கியபோது அந்தமான் நிக்கோபாரையும் இலட்சத்தீவையும் விட்டுவைத்தார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலோடு மெஷினைச் சும்மா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தீவில் எங்களுக்கு இன்னோர் எதிரி: உப்புக் காற்று. அது ஸ்பார்க் பிளக்கின் மூடிக்குள் இருக்கும் கம்பிச் சுருளைத் துருப்பிடிக்கவைத்து, தீப்பொறியைத் தடுக்கும்.

எனவே கயிற்றைத் தொடுமுன், பழைய பெட்ரோலைக் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குத் தனி ஆயில் தொட்டி இல்லை; பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள். பஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். சைலன்சர் வாயைக் கட்டாயம் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். பிளேடைத் தொடுவதானால் பிளக் மூடியைப் பிடுங்கிய பிறகே தொடுங்கள். அதன் நட் பெரும்பாலும் இடதுமரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும்.

இனி ரப்பர் குமிழைப் பெட்ரோல் தெரியும்வரை அமுக்கி, சோக்கை மூடி, கயிறு தடுக்கும் இடம்வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து விசையாக இழுங்கள். ஒருமுறை இருமியதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகும் மூடியே வைத்து இழுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். நனைந்தால் கழற்றி உலர்த்துங்கள். அப்படியும் கிளம்பாவிட்டால் சவ்வை மாற்ற வேண்டியதுதான். அது இங்கே கடையில் கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்து வர வேண்டும். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். அதற்குள் புல் இடுப்பளவு வந்துவிடும்.

அதனால் வரும் ஜனவரியில் கடைசியாக வெட்டி முடித்த அன்றே டேங்கைக் காலிசெய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிளேடில் எண்ணெய் தடவி மாட்டிவையுங்கள். கால் மணி நேர வேலை.