பழைய தண்டனையும் துப்பாக்கி உரிமமும்

நம் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் பலர் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் பாதுகாவல் பணியை நாடுகின்றனர். சிங்கப்பூரில் சீருடையும் இடுப்பில் துப்பாக்கியுமாகக் காவல் நிற்கும் துணைக் காவல் படையில் மலேசியரும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டபோது அதனை முதலில் எதிர்கொண்டவர்களுள் இப்படையினரும் இருந்தனர்.

இளமையில் ஒருமுறை கைகலப்பில் சிக்கி அபராதம் கட்டியவருக்கு ஆயுதம் தாங்கும் அனுமதி கிடைக்குமா? மறுக்கப்பட்டால் முறையிட வழியுண்டா? பெற்றோர் பலரின் மனத்தில் எழும் இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். சிங்கப்பூரில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமையன்று. அரசு ஆராய்ந்து வழங்கும் அனுமதியே ஆகும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கேடு விளைவிக்கும் நோக்கத்துடன் சுடுவோருக்கு மரண தண்டனை. 1913ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டத்தை அகற்றி, அதன் இடத்தில் புதிய கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றியது. உரிமம் கோருபவர் அதற்குத் தகுதியும் பொருத்தமும் உடையவர்தாமா என்பதே உரிம அதிகாரி காணும் அடிப்படைச் சோதனை. பழைய தண்டனை அந்தச் சோதனையில் எடைபோடப்படும்.

ஒருமுறை தவறியவர் என்றென்றும் குற்றவாளியாகவே கருதப்படுவாரா? இல்லை. குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 3 மாதத்திற்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்ற ஒருவர், 5 ஆண்டுகள் வேறு குற்றமின்றி வாழ்ந்தால், அவருடைய பதிவு காலாவதியானதாகக் கொள்ளப்படும். சிறை சென்றவருக்கு விடுதலையான நாளிலிருந்தும், அபராதம் கட்டியவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்தும் இக்காலம் கணக்கிடப்படும். ஒரே ஒரு தண்டனை மட்டுமே இருத்தல் வேண்டும். சட்டம் பட்டியலிட்ட கொடுங்குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. வெட்டிய பால் மரத்தின் பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆவதைப் போல, இழந்த நம்பிக்கை வளரவும் காலம் வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.

பதிவு காலாவதியான ஒருவர், குற்றப் பதிவு உண்டா என்று கேட்கப்படும்போது இல்லை என்று கூறச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் இதற்கு விலக்குகளும் உண்டு. ஆகவே ஆயுதம் சார்ந்த விண்ணப்பத்தில், படிவம் எதைக் கேட்கிறது என்பதை வரிவரியாகப் படித்து, ஐயமிருப்பின் வழக்கறிஞரைக் கலந்த பின்னரே எழுதுதல் வேண்டும். அரசு அதிகாரியிடம் பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். பழைய அபராதத்தைவிடப் புதிய பொய் பெருந்தீங்கு விளைவிக்கும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் படிப்படியாகச் செல்லுதல் வேண்டும். முதற்படி, மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி, காரணத்தை எழுத்தில் கேட்பது. இரண்டாம் படி, குறித்த காலத்திற்குள் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்வது. அம்முறையீட்டில் வெறும் மன்றாட்டு போதாது. தீர்ப்பின் நகல், அபராதம் கட்டிய ரசீது, முதலாளியின் நற்சான்று, அதன்பின் ஆண்டுதோறும் செய்த வேலையின் விவரம் ஆகியவற்றை இணைத்தல் வேண்டும்.

மூன்றாம் படி உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வு. இதற்கு முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டும். ஒரு முடிவை ரத்துச் செய்யக் கோருவோர் பொதுவாக 3 மாதத்திற்குள் அணுகவேண்டும். எந்த அதிகாரத்திற்கும் சட்டத்தின் எல்லை உண்டு என்னும் கோட்பாட்டைச் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் சிங் சுவான் சி வழக்கில் நிலைநாட்டியது. ஆனால் நீதிமன்றம், ‘இவருக்குத் துப்பாக்கி தரலாமா’ என்று தானே முடிவு செய்வதில்லை. அதிகாரி சட்டத்தின்படி நடந்தாரா, அறிவுக்குப் பொருந்த முடிவெடுத்தாரா, முறையாக நடந்துகொண்டாரா என்பவற்றையே பார்க்கும். வென்றாலும், முடிவு மீண்டும் ஆராயப்படலாமேயன்றி உரிமம் உடனே கைக்கு வந்துவிடாது. செலவும் மிகுதி.

பிற நாடுகளின் முறைகளையும் ஒப்பிட்டுக் காண்போம். பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுதும் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வன்முறைக் குற்றத்திற்காகச் சிறை சென்றவருக்குத் தண்டனை முடிந்தபின் 5 ஆண்டுகள் உரிமத்தை மறுக்கிறது. அதே சட்டம், மறுப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதியவேண்டும் என்றும், மேல்முறையீட்டுக்கு வழியுண்டு என்றும் கூறுகிறது.

தேக்கா கடைத்தெருவிலோ சிராங்கூன் சாலை உணவகத்திலோ, ‘பணம் கொடுத்தால் பதிவை அழித்துத் தருகிறேன்’ என்று எவரேனும் கூறினால் நம்பற்க. குற்றப் பதிவை இடைத்தரகர் எவரும் அழிக்க இயலாது. மேற்கூறிய பதிவுகள் காலாவதியாவதற்குக் கட்டணமும் இல்லை. கையூட்டு கொடுக்க முயல்வதோ மற்றொரு குற்றமாகி, நிறைவேறவிருந்த 5 ஆண்டுகளையும் வீணாக்கிவிடும்.

ஆகவே, பயணத்திற்கு முன்பே பழைய தண்டனையின் நாள், பிரிவு, அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி தாங்கும் பணி கிட்டாவிடினும், அந்தத் தாளும் உண்மை உரைக்கும் துணிவும் வேறு நல்ல வேலைக்கு வழிகாட்டும்.