அம்பு நேராகச் செல்வதற்கு

மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்தவர் வில்லேந்திய இராமர் என்பது நம் பகுதியில் சிறு குழந்தையும் அறிந்த கதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்குக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் துரை, பெருமழை பெய்த இரவொன்றில், உடையும் நிலையிலிருந்த கரையின்மீது இராமலக்குவர் வில்லும் அம்புமாய்க் காவல் நிற்கக் கண்டார் என்பர். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகைக்குச் சென்றால், சிங்கத்தின்மீதமர்ந்த துர்க்கை வில்லை வளைத்து நிற்பதைக் காணலாம். கருங்குழியிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய இவ்விரண்டு இடங்களுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு, வில் என்பது நெடுங்காலம் கும்பிடும் பொருளாகவே இருந்துவந்தது. இப்போது சில ஊர்களில் அது விளையாட்டுத் திடலுக்கும் வந்திருக்கிறது.

கருங்குழியை அடுத்த சிற்றூர் ஒன்றில், இளைஞர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் பணம் சேர்த்து, காம்பவுண்டு வில் எனப்படும் கூட்டு வில் ஒன்றையும் ஒரு டஜன் அம்புகளையும் வாங்கினர். முதல் மாதம் திருவிழாப் போலிருந்தது. இரண்டாம் மாதம் அம்புகள் வாலை ஆட்டிக்கொண்டு மீன் நீந்துவதுபோற் செல்லலாயின. ஒரே புள்ளியைக் குறித்து விட்ட ஆறு அம்புகள் ஆறு இடங்களில் தைத்தன. வில் போலி என்றனர் சிலர். பிள்ளைகளுக்குக் கை பழகவில்லை என்றனர் வேறு சிலர். மூன்றாம் மாதம் வில் ஊராட்சி அலுவலகத்துப் பீரோவில், வரிப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. வேறொரு பணியின் நிமித்தம் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாயிலிற் காத்திருந்து, "ஐயா, கோளாறு என் கையிலா, வில்லிலா என்று மட்டும் யாராவது சொல்லட்டும். கையில்தான் என்றால் விட்டுவிடுகிறேன்" என்றாள்.

கோளாறு அவள் கையில் இல்லை. வில்லும் நல்ல வில்லே. அதைச் சீரமைக்காமலே பிள்ளைகளிடம் கொடுத்திருந்தனர். வாங்குமுன் எம் பார்வைக்கு வந்த மதிப்பீட்டில் 'பொருத்திச் சீரமைக்கும் கூலி' என்று ஒரு வரி இருந்தது. புதிய பொருளுக்குச் சீரமைப்பு எதற்கு என்று அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தவர்கள் நாமே. பின்னர், சென்னையிலிருந்து வந்து உதவிய பயிற்சியாளர் ஒருவருடன் மூன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் திடலில் இருந்து கற்றவற்றை, பிற ஊராட்சிகளும் அறியுமாறு இங்கு எழுதுகிறோம்.

இவ்வில் பழைய வில்லைப் போன்றதன்று. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் இதனை அமைத்து, 1969ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். வில்லின் இரு முனைகளிலும் 'காம்' என்னும் சக்கரங்கள் உண்டு. அவை முழு வட்டமல்ல; முட்டைபோல் ஒருபுறம் புடைத்தவை. நாணை இழுக்கத் தொடங்கும்போது கனம் ஏறி, முழுதும் இழுத்தபின் திடீரெனக் குறைந்துவிடும். 40 பவுண்டு வில்லாயினும், அதன் தளர்வு நூற்றுக்கு 75 என்றால், குறிபார்த்து நிற்கும்போது விரலில் தாங்குவது 10 பவுண்டுதான். இதனால் உடல்வலிமை குறைந்தோரும் நிதானமாகக் குறிபார்க்கலாம். மகாராஷ்டிரத்துச் சாத்தாரா மாவட்டத்தில், கரும்பு வயலிடையே அமைந்த பயிற்சியிடத்தில் பழகிய அதிதி சுவாமி, 2023ஆம் ஆண்டு பெர்லினில் தமது 17ஆம் வயதில் உலகப் பட்டம் வென்றது இவ்வகை வில்லினால்தான். பிறவியிலேயே கைகளில்லாத ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் பெற்றதும் இதனாலேயே. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கூட்டு வில்லுக்கான கலப்பு அணிப் போட்டியும் இடம்பெறுகிறது.

ஆனால் பாகங்கள் மிகுந்த பொருளில் கோளாறுக்கும் இடம் மிகுதி. பம்புசெட்டின் பெல்ட் அரை விரற்கடை விலகினால் என்ன நேரும் என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மோட்டார் நன்றாகவே ஓடும். பெல்ட் தேயும், நழுவும், தண்ணீர் மட்டும் குறையும். வில்லிலும் அவ்வாறே. நாண் அம்பின் வாலைத் தள்ளும் கோடும், அம்பு தாங்கி அதன் முன்பகுதியை ஏந்தும் கோடும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அவை விலகினால் தள்ளுவிசையின் ஒரு பகுதி அம்பை முன்னே செலுத்தாமல் வளைக்கிறது. வளைந்த அம்பு வாலாட்டிச் செல்லும். இறகுகள் அதனைச் சிறிது தூரத்தில் நேராக்கிவிடும் என்பது உண்மையே. எனினும் அதற்குள் வேகம் குறையும். கடற்காற்று வீசும் நாளாயின், ஆடும் அம்பைக் காற்று எளிதில் ஒதுக்கிவிடும்.

முதலிற் பார்க்க வேண்டுவது அம்பை. அம்புக்கு விறைப்பு என்றொரு அளவு உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், அரை அங்குலம் தொய்வது 500 எனப்படும். எண் குறையக் குறைய விறைப்பு மிகும். வில்லின் கனத்துக்கும் அம்பின் நீளத்துக்கும் ஏற்ற எண் எதுவென்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணை கூறும். மேற்சொன்ன ஊரில் டஜன் அம்புகளில் ஆறு ஒரு விறைப்பு, ஆறு மற்றொன்று! விலை குறைவு என்று இரண்டு கட்டுகளைச் சேர்த்து வாங்கியிருந்தனர். ஒரே விதைநெல்லில் இரண்டு ரகம் கலந்தாற் கதிர் ஒன்றாய் முற்றுமா? கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் இரு கைகளாலும் சற்றே வளைத்து, காதருகில் வைத்துக் கேட்கவும் வேண்டும். கீச்சென்றோ நொறுங்குவதுபோலோ ஒலித்தால் அதனை அப்போதே உடைத்தெறிக. விரிசலுற்ற அம்பு நாணிலிருந்து புறப்படும்போதே சிதறி, வில் பிடித்த கையிற் பாய்ந்துவிடும்.

அடுத்து, வில் எய்பவருக்குப் பொருந்த வேண்டும். இரு கைகளையும் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, அங்குலக் கணக்கை இரண்டரையால் வகுத்தால் இழுநீளம் ஏறக்குறையக் கிடைக்கும். 65 அங்குலம் கைவிரிப்புள்ள பிள்ளைக்கு 26 அங்குலம். ஒரே வில்லை ஊரிலுள்ள எல்லாரும் எய்வது என்பது ஒரே செருப்பை எல்லாரும் அணிவதற்கு ஒப்பாகும். பணமில்லாத ஊரில் வேறு வழியில்லை என்றால், ஏறக்குறைய ஒரே கையளவுடையவர்களை அவ்வில்லுக்கென ஒதுக்கலாம்.

சக்கரங்களின் ஒத்திசைவையும் சோதித்தல் வேண்டும். ஒருவர் மெதுவாக நாணை இழுக்க, மற்றொருவர் பக்கத்தில் நின்று, மேற்சக்கரமும் கீழ்ச்சக்கரமும் ஒரே கணத்தில் தத்தம் தடையை எட்டுகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலோ கீழோ உதைபடும். கேபிளை முறுக்கியோ தளர்த்தியோ இதனைச் சரிசெய்யலாம். ஆனால் வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியின்றி நாணையோ கேபிளையோ கழற்றுவது உயிருக்கே ஆபத்து. இவ்வேலையைப் பழகியவரிடமே விடுக. அம்பின்றி வெறும் நாணை இழுத்து விடுதலும் கூடாது. அம்பு வாங்கிச் செல்ல வேண்டிய விசை முழுவதையும் வில்லே தாங்க நேர்ந்து, கைகளும் சக்கரமும் உடையும்.

இனி அம்பு தாங்கிக்கு வருவோம். அளவில் இது மிகச் சிறிய உறுப்பு. எமது அனுபவத்தில் பெரும்பாலான தொல்லை இதிலேதான். இலக்குப் பயிற்சிக்கான வில்லில் இது மெல்லிய எஃகுத் தகடு. அதன் நுனியிலுள்ள பள்ளத்தில் அம்பு படுத்திருக்கும். தகடு சுமார் 30 பாகை சாய்ந்திருத்தல் நலம். அம்பைத் தாங்கி வில்லின் துளையில் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். அம்பை நாணிற் பூட்டி, பக்கத்திலிருந்து பார்க்கும்போது, அம்பு அத்துளையின் நடுவே செல்ல வேண்டும்; நாணோடு செங்கோணமாயிருத்தல் வேண்டும். மூலைமட்டம் ஒன்று இதற்குப் போதும். பின்புறமிருந்து பார்த்தால் நாணும் அம்பும் ஒரே கோட்டில் தெரியவேண்டும். தொடக்கத்தில் வில்லின் கைப்பிடிச் சுவரிலிருந்து அம்பின் நடுவரை சுமார் 20 மில்லிமீட்டர் வைத்துக்கொண்டு, பின்னர் திருத்தலாம். அவ்வூர் வில்லிலோ திருகாணி தளர்ந்து, ஒவ்வோர் எய்தலுக்கும் தாங்கி சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருந்தது. இன்று சரியாயிருந்தது நாளை தவறியதற்கு வேறு மாயம் எதுவும் இல்லை.

இறகு தகட்டில் உரசுகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. முகத்துக்குப் பூசும் பவுடரை அம்பின் பின்பகுதியிலும் தகட்டிலும் தூவி ஓர் அம்பு எய்க. பவுடர் கீறப்பட்டிருந்தால், அம்பின் வாலைச் சற்றே திருப்பி, கீழ் இரண்டு இறகுகளுக்கும் இடையே தகடு அமையுமாறு செய்தல் வேண்டும்.

அதன்பின் காகிதச் சோதனை. மூங்கிற் சட்டமொன்றில் பழைய செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி நிறுத்துக. அதற்குப் பின்னே ஒன்றரை மீட்டரில் வைக்கோல் இலக்கு இருக்கட்டும். காகிதத்துக்கு இரண்டு மீட்டர் முன்னே நின்று, அம்பு மட்டமாய்ச் செல்லுமாறு எய்க. முனை செய்த துளையைச் சுற்றி இறகுகளின் கீறல் ஒழுங்காயிருந்தால் அம்பு நேராகச் செல்கிறது. வால் மேலே கிழித்திருந்தால், நாணில் அம்பு பூட்டும் இடத்தைச் சிறிது கீழிறக்குக, அல்லது தாங்கியை உயர்த்துக. வால் கீழே கிழித்திருந்தால் இதற்கு மாறாகச் செய்க. பக்கவாட்டுக் கிழிசலில் முதலிற் சந்தேகிக்க வேண்டுவது பிடிக்கும் கையை. வில்லை இறுகப் பற்றித் திருகினால் எந்தத் தாங்கியும் உதவாது. கை தளர்ந்திருந்தும் வால் இடப்பக்கம் கிழித்தால், வலக்கையால் நாணிழுப்பவர் தாங்கியை வலப்பக்கம் சிறிது நகர்த்துக, வலப்பக்கமாயின் இடப்பக்கம். நகர்த்தியபின் கிழிசல் பெருகினால், பழைய இடத்துக்கே திரும்பி, அம்பின் விறைப்பையும் இறகு உரசலையும் மீண்டும் பார்க்கவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்க. அதுவும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாமல். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மூன்று அம்பு எய்து, கிழிசல் மூன்றும் ஒத்திருந்தால்தான் அதனை நம்பலாம். முதல் ஞாயிறன்று ஆளுக்கொரு திருகாணியைத் திருப்பி, காலை பத்து மணிக்குள் யார் எதைச் செய்தார் என்பதே தெரியாமற் போயிற்று. இரண்டாம் ஞாயிறு முதல் அம்மாணவி ஒரு பள்ளி நோட்டில், தேதி, மாற்றிய உறுப்பு, எந்தப் பக்கம், எத்தனை சுற்று, கிழிசலின் படம் என்று எழுதத் தொடங்கினாள். மூன்றாம் ஞாயிறு ஏழரை மணிக்கு, அவள் விட்ட மூன்று அம்புகளும் காகிதத்தில் சுத்தமான துளை செய்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தாளைக் கிழித்து மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

காகிதத்தோடு வேலை முடிந்துவிடாது. இலக்கில் செங்குத்தாக நூலொன்றைத் தொங்கவிட்டு, மேலே ஒரு புள்ளியிட்டு, 20 மீட்டருக்கு அமைத்த குறிகாட்டியை மாற்றாமல் 20, 30, 40 மீட்டரிலிருந்து அதே புள்ளியைக் குறித்து எய்க. அம்புகள் படிப்படியாகத் தாழ்ந்து நூலின்மேலேயே தைத்தால் தாங்கி சரி. தூரம் கூடக் கூட இடப்பக்கம் ஒதுங்கினால் தாங்கியை மயிரளவு வலப்பக்கம் நகர்த்துக. இலக்குப் போட்டியில் கூட்டு வில்லுக்குத் தூரம் 50 மீட்டர். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர்தான்.

இலக்குக்காகப் பணம் செலவிட வேண்டுவதில்லை. அறுவடைக்குப்பின் கிடைக்கும் வைக்கோலைப் பிரியாகத் திரித்து, பாய்போற் சுருட்டி இறுகக் கட்டினால், 30 பவுண்டு வில்லின் அம்பைத் தாங்கும். அதன் பின்னே மண்மேடு இருத்தல் கட்டாயம். ஆட்கள் நடக்கும் ஏரிக்கரையையோ மாடு மேயும் புறம்போக்கையோ நோக்கி எய்யக்கூடாது. தவறிய அம்பு இருநூறு மீட்டருக்கு மேலும் செல்லும். வேடந்தாங்கல் நமக்கு அருகில் இருப்பதால் இதனையும் கூறுகிறோம்: பறவையை நோக்கி அம்பு விடுதல் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் ஏரிகளுக்கெல்லாம் அவை வந்திறங்கும்போது பிள்ளைகளுக்கு இதனை நினைவூட்டுக.

மதிப்பீடு அனுப்பும் ஊராட்சிகள் ஒரே விறைப்புள்ள அம்புகள், மாற்று நாண், மூலைமட்டம், சீரமைப்புக் கூலி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டுக. நாம் இனிச் சிவப்பு மையைத் தொடோம். புதிய நாண் முதற் சில நூறு எய்தலில் நீளும். அப்போது சக்கரத்தின் ஒத்திசைவும் மாறும். ஆகவே சீரமைத்த அன்றே சக்கரத்தின்மேல் கேபிள் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடொன்று இட்டு வைத்து, மாதம் ஒருமுறை பார்த்துவருக. நாணுக்கு மெழுகிடுக. சித்திரை வெயிலில் வில்லை மூடிய காருக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ விட்டுச்செல்லாதீர்கள்.