உமிழ்நீரில் பயம் தெரியுமா?

பேரிடருக்குப் பின் பெரியவர்களின் மனம் மட்டுமல்ல, பிள்ளைகளின் மனமும் பாடுபடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரமெல்லாம் வெள்ளக்காடானது. பிறகு தண்ணீர் வடிந்தது, சேறு அள்ளினார்கள், நிவாரணத் தொகை வந்தது. ஆனால் இப்படி ஓர் இரவைக் கண்ட பிள்ளைகளில் சிலருக்கு அது முடிவதில்லை. வானம் கறுத்தாலே புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றச் சொல்வார்கள். நடு இரவில் எழுந்து வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பத்து வயதில் மறுபடி படுக்கையை நனைப்பார்கள்.

"பிள்ள பயந்திருக்கு" என்று பாட்டி கண்டுபிடித்துவிடுவார். திருநீறு போடுவதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும், மாதா கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் முத்துக்குளித்துறை என்னும் இந்தக் கரையில் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் நிஜம் என்று முதலில் ஒப்புக்கொள்பவர் அவர்தான். "நடிக்கிறான், ரெண்டு போட்டா சரியாயிடும்" என்கிற பேச்சுதான் பிள்ளையைக் கெடுக்கிறது.

அது நடிப்பல்ல என்பதற்கு உடலிலேயே தடயம் உண்டா? ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சாதாரணமாக அது கண் விழித்த அரைமணி நேரத்தில் உச்சம் தொட்டு, இரவில் வெகுவாக இறங்கிவிடும். அதை அளக்க ஊசி வேண்டாம். பல் துலக்கும் முன், டீ குடிக்கும் முன், சிறு பஞ்சுச் சுருளைப் பிள்ளையின் வாயில் அடக்கி ஊறவைத்து, குழாயில் போட்டு மூடினால் போதும். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை.

அமெரிக்காவில் மனநல மருத்துவர் விக்டர் கேரியன் குழுவினர் ஆராய்ந்தபோது, அதிர்ச்சிக்குள்ளான பிள்ளைகளுக்குப் படுக்கும் நேரத்திலும் கார்ட்டிசால் உயர்ந்திருந்தது. உடல் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, அதன் மையத்துக்கு அருகிலிருந்த ஸ்பிடாக் நகரத்து வளரிளம் பருவத்தினரைச் சோதித்தால், காலை அளவு குறைந்திருந்தது! முதலில் ஏறி, ஆண்டுகள் போகப் போக இறங்குகிறதோ என்பது ஆய்வாளர்களின் ஊகம். பூப்பெய்தும் பருவம், தூக்கம், காய்ச்சல் எல்லாமே அளவை மாற்றும். விபத்தில் அடிபட்டு வரும் குழந்தையின் நாடித் துடிப்பு, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பருமன் ஆகியவற்றையும் பார்த்திருக்கிறார்கள். பலரைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் உங்கள் பிள்ளைக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் (PTSD) உண்டா, இல்லையா என்று சொல்லும் சோதனை இன்றுவரை கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி எந்த லேப் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேட்டறிவதுதான் வழி. 2004 சுனாமி முடிந்த சில வாரங்களில், இலங்கையின் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் பேரிடம் இந்நோயின் அறிகுறிகள் தெரிந்தன. பிறகு அத்தீவின் வடகிழக்கில் 31 தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவினர் நடந்ததை வரிசையாகச் சொன்னார்கள். மறு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 81, இரண்டாவதில் 71 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். தானாகத் தேறியவர்களும் அதில் இருக்கலாம். ஆனாலும் இது நம் ஊரிலும் செய்யக்கூடிய காரியம்.

ஒரு மாதம் தாண்டியும் பிள்ளை தூங்காமல், பள்ளிக்குப் போகாமல், மழைச் சத்தத்துக்கு நடுங்கினால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இல்லையேல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.