மண்ணுக்குள் இருக்கும் பாதிக் கல்

ரயில் பாதையோரப் புதருக்குள் ஒரு கருங்கல் நிற்கிறது. அது ரயில்வே நட்ட எல்லைக்கல்லா, வருவாய்த் துறையின் சர்வே கல்லா, யாரோ வேலிக்கு ஊன்றிய காலா? கல்லின் நிறமோ வகையோ இதற்குப் பதில் தராது. பல்லாவரம் முதல் செங்கல்பட்டு வரை குன்றுகள் பெரும்பாலும் ஒரே சார்னோகைட் பாறை. நூறாண்டுக்கு முன் நட்டதும் நேற்று நட்டதும் இதே பாறையில் வெட்டியதாக இருக்கலாம். உளித்தடம் கொஞ்சம் சொல்லும். இயந்திரம் அறுத்த முகம் வழவழப்பாக இருக்கும். கையால் கொத்திய முகத்தில் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் பிடிபடும். கல் நட்டபடியே நிற்கிறதா என்பதற்கு நம்பகமான சாட்சி அதன் அடிப்பாகம். புதைவதற்கென்று விட்ட பகுதியைச் சீராகச் செதுக்கியிருக்க மாட்டார்கள். அந்தக் கரடுமுரடும் பழைய மண்கறையும் தரைக்கு மேலே தெரிந்தால், கல் கிளப்பப்பட்டிருக்கிறது, அல்லது சுற்றியுள்ள மண் கரைந்திருக்கிறது.

ஆனால் கல்லை மட்டும் வைத்து எல்லையைச் சொல்லிவிட முடியாது என்பதே என் வாதம். 1870களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே மீட்டர் கேஜ் பாதை போட்டபோது, கரை எழுப்ப இருபுறமும் மண் வெட்டினார்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கும் நீள்பள்ளங்கள் பலவும் அப்படி வந்தவை. பள்ளம் தோண்டிய இடமும் பாதைக்காக எடுத்த நிலத்தில் சேர்ந்ததாக இருந்தால், எல்லை பள்ளத்துக்கு அப்பால் போகும். கரையின் அடியோடு ரயில்வே நிலம் முடிகிறது என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஆகவே கல், பள்ளம், கிராமத்துப் புலப்படம், ரயில்வே நில வரைபடம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அடுத்த கல்லுக்குப் படம் காட்டும் தூரமும் தரையில் கிடைக்கும் தூரமும் பொருந்தினால்தான் அந்தக் கல்லை நம்பலாம். காஞ்சி வட்டாரத்துப் பல்லவச் செப்பேடுகளிலும் கல்லும் கள்ளியும் நட்டதோடு நிற்காமல், நாற்புறமும் உள்ள ஏரி, கால்வாய், பக்கத்து நிலம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். ஒரே சாட்சியை அன்றும் நம்பவில்லை.

செயற்கைக்கோள் கருவி சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும்போது பழைய கல் எதற்கு என்று கேட்கலாம். நாம் நிற்கும் இடம் எது என்பதைத்தான் கருவி சொல்லும். 150 ஆண்டுக்கு முன் எல்லை எங்கே போனது என்பது படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைத் தரையில் பொருத்த இரண்டு மூன்று அசையாத புள்ளிகள் வேண்டும். கிராம எல்லைகள் கூடும் முச்சந்திக்கல் போன்றவைதாம் அந்தப் புள்ளிகள். அவை போய்விட்டால் துல்லியமான கருவி துல்லியமாகவே தவறும். கல்லைத் திருட்டுத்தனமாக நகர்த்துவார்களே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு கல்லை நகர்த்தினால் அக்கம்பக்கத்துக் கற்களோடு தூரம் உதைக்கும்; எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்துவது எளிதல்ல.

எல்லைக்கற்கள் போனால் நஷ்டம் அரசுக்கு மட்டுமல்ல. 1963 காலவரையறைச் சட்டப்படி, பறிபோன நிலத்தை மீட்க வழக்குத் தொடர அரசுக்கு 30 ஆண்டு அவகாசம் உண்டு. தனியாருக்கு 12 ஆண்டுதான். கல் காணாமல் போன இடத்தில், பட்டா வைத்திருக்கும் சிறு விவசாயி தன் வரப்பு எது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். தாம்பரம்–செங்கல்பட்டு இடையே போட்ட மூன்றாம் பாதை போன்ற வேலைகளில் ஜேசிபி இறங்குவதற்கு முன், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்து இரண்டு கற்களிலிருந்து உள்ள தூரத்தை அளந்து எழுதிவிட வேண்டும். குவியலில் கிடக்கும் கல்லைப் பிறகு எத்தனை படம் எடுத்தாலும், அது நின்ற இடம் அதில் இருக்காது.