விபத்து நடந்தால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்?

லாரியோ வேனோ யார் மீதாவது மோதிவிட்டால், கூட்டம் கூடுவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று புது ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தருபவர்கள் உண்டு. அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. சட்டமே அதைக் கணக்கில் எடுத்திருக்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஓட்டுநர் தன்னால் இயன்றதைச் செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் அதற்கு விலக்கு உண்டு. அப்போதும் 108-க்கு ஒரு போன் போட்டுவிடலாமே! ஆனால், அங்கிருந்து தப்பி வந்தவர் தலைமறைவாகக் கூடாது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போய், நடந்ததையும் சிகிச்சைக்கு உதவ முடியாத காரணத்தையும் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது கடமை. அடிபட்டவர் ஓட்டுநராகவே இருந்தால்? பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான்.

"வண்டியை ஓட்டினது நீ, தப்பும் உன்மேல்தான்" என்று முதலாளி சொன்னதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள். வேலையின்போது நேர்ந்த விபத்தில் காயமோ மரணமோ ஏற்பட்டால் இழப்பீடு கேட்க, முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு மட்டுமே அந்த உரிமையைப் பறித்துவிடாது; குடித்துவிட்டு ஓட்டியதால் காயம்பட்டால் கதை வேறு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்த உரிமை, 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கும் இன்சூரன்ஸும் சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பைச் சேர்த்தே வருகிறது. ஆக, முதலாளிக்குக் கையைவிட்டுப் போகும் பணம்கூட இல்லை, ஆனாலும் மறைக்கிறார்கள்.

சாவு வீட்டில் கொஞ்சம் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. மரண இழப்பீட்டைச் சட்டப்படி அதற்கான அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று அந்தக் குடும்பம் ஒதுங்கிவிட வேண்டாம். மாவட்டத்தின் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; உதவி எண் 15100.

அங்கே முதலில் எழும் சண்டை, "இவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்பதுதான். லாரித் தொழிலில் வேலை நியமனக் கடிதம் கொடுப்பவர்கள் குறைவு. அதனால் படிக்காசு வந்த ஜிபே பதிவு, டிரிப் ஷீட், லோடு பற்றி முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். உங்கள் லைசென்ஸ், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் படமெடுத்து, வீட்டில் இருப்பவர் போனுக்கும் இன்றே அனுப்பிவிடுங்கள்.